டிஸ்சார்ஜ் புத்தகமும் வேட்புமனுவும்

1

கம்பம் பள்ளத்தாக்கில் ஊருக்கு ஊர் ‘பட்டாளத்தார் வீடு’ என்று ஒன்று இருக்கும். உத்தமபாளையம், சின்னமனூர், போடி, ஆண்டிபட்டி என்று எந்தப் பக்கம் போய் விசாரித்தாலும் வழி சொல்ல அந்த வீடு பயன்படும். அங்கே டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு டிஸ்சார்ஜ் புத்தகம் கிடக்கும். எந்தத் தேதியில் சேர்ந்தார், எந்தப் படைப்பிரிவு, என்ன வேலை, என்ன பதக்கம், எதனால் வெளியே வந்தார், நடத்தை எப்படி என்பதெல்லாம் அதில் உண்டு. பென்ஷனில் தகராறா, முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிய வேண்டுமா, கேன்டீன் அட்டை வேண்டுமா, பாங்க் வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் காவலாளி வேலைக்குப் போக வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அதை நீட்டியாக வேண்டும். எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சொல்லுவார்: “அந்தப் புக்கு தொலஞ்சு போச்சுன்னா நான் பட்டாளத்துக்குப் போனதே பொய்யின்னு ஆயிரும் தம்பி. குண்டு பட்ட தழும்பக் காமிச்சாலும் நம்ப மாட்டாய்ங்க.”

இவரிடம் ஓட்டுக் கேட்டு வருகிறவரின் நிலைமை வேறு. 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளின்படி வேட்பாளர் தாக்கல் செய்யும் 26-ஆம் எண் படிவத்தில் சொத்து, கடன், வருமான வரி, குற்ற வழக்கு, தொழில், படிப்பு எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. இராணுவத்தில் இருந்தீரா, எங்கே இருந்தீர், என்ன பொறுப்பில் இருந்தீர் என்று கேட்கிற கட்டம் மட்டும் கிடையாது. மேடையில் ‘எல்லையில் நின்றவன் நான்’ என்று முழங்கலாம். பெயருக்கு முன்னால் கர்னல், மேஜர் என்று போட்டுக்கொள்ளலாம். வாட்ச்மேன் வேலைக்குக் கேட்கப்படும் சான்று மந்திரி வேலைக்குக் கேட்கப்படுவதில்லை.

அரசியலுக்கு வருகிறவர்கள் தங்கள் இராணுவப் பணிப் பதிவேட்டைப் பொதுவில் வைக்க வேண்டுமா? வைக்க வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் எதற்காக என்பதில்தான் சண்டையே இருக்கிறது. தேசபக்திக்கு மார்க் போடுவதற்காக என்றால் அந்தப் பதிவேடு பெட்டிக்குள்ளேயே கிடக்கட்டும். ஆயுதமும் அதிகாரமும் கையில் இருந்தபோது இவர் என்ன செய்தார் என்று கேட்பதற்காக என்றால் அது திறக்கப்பட வேண்டும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் உலகம் பூராவும் இந்த விவாதம் கோணலாகப் போய்க்கொண்டிருக்கிறது. கோணலைப் புரிந்துகொள்ள எங்கள் பள்ளத்தாக்கின் வரலாறு கொஞ்சம் உதவும்.

2

தமிழ்நாட்டு அரசியலில் இராணுவத்தார் குறைவு. இராணுவ மொழிக்கோ குறைவே இல்லை. தளபதி, போர்வாள், தொண்டர் படை, பாசறை, களம் என்று ஒரு முழு முகாமே நம் மேடைகளில் இறங்கியிருக்கிறது. விஜயகாந்துக்குக் ‘கேப்டன்’ என்ற பட்டம் 1991-ல் வந்த ‘கேப்டன் பிரபாகரன்’ படத்தோடு நிலைத்தது. அந்தப் படத்தில் அவர் போட்டது வனத்துறை அதிகாரி வேஷம். அந்தப் பட்டத்தோடேயே அவர் 2011-ல் சட்டமன்ற எதிர்க்கட்சித் தலைவரானார். இதில் யாரும் ஏமாறவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். மக்களுக்கு அது சினிமாப் பட்டம் என்று தெரியும், தெரிந்தே கூப்பிட்டார்கள். தெரிந்து ஏற்கும் பாவனையும் தெரியாமல் நம்பவைக்கப்படும் பொய்யும் ஒன்றல்ல.

ஆனால் பாவனை எப்போது ஆவணத்தின் இடத்தைப் பிடிக்கிறது என்பதையும் இந்த மண்ணே காட்டியிருக்கிறது. 1984 டிசம்பரில் ஆண்டிபட்டித் தொகுதி, நியூயார்க் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த எம்.ஜி.ஆரைத் தேர்ந்தெடுத்தது. அவர் ஒரு நாள்கூடத் தொகுதிக்கு வரவில்லை. மருத்துவமனையில் அவர் இருக்கும் படக்காட்சிகள் ஊர் ஊராகக் காட்டப்பட்டன. ஆளப்போகிறவரின் உடல்நிலை என்ன என்ற கேள்விக்கு மருத்துவக் குறிப்பு பதிலாக வரவில்லை. படம் பதிலாக வந்தது. திரையில் வாள் பிடித்த கையை நம்பி மக்கள் ஓட்டுப் போட்டார்கள் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. அவர்களுக்கு வேறு கணக்குகளும் இருந்தன. ஆனால் சான்று கேட்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்பதை யாரும் அவர்களுக்கு நினைவூட்டவில்லை.

வடக்கே இந்தப் பாவனை சினிமாவிலிருந்து வரவில்லை, நிஜப் போரிலிருந்து வந்தது. 2019 மார்ச்சில், புல்வாமா தாக்குதலுக்கும் பாலாகோட் குண்டுவீச்சுக்கும் பிறகு, படைவீரர்களின் படங்களைப் பிரச்சாரத்தில் பயன்படுத்தாதீர்கள் என்று தேர்தல் ஆணையம் கட்சிகளுக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது. படைக்குப் போன பிள்ளையின் படம், போகாத தலைவரின் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டது. இராணுவப் பணி என்பது ஓட்டாக மாற்றக்கூடிய சரக்கு என்று ஆகிவிட்டால், அந்தச் சரக்கு அசலா என்று கேட்பதும் நியாயமாகிவிடுகிறது.

3

எங்கள் பள்ளத்தாக்குக்கு அசலான ஓர் இராணுவ அதிகாரி உண்டு. கர்னல் ஜான் பென்னிகுயிக். அவர் அரசியல்வாதி அல்ல. ஆனால் அவரை வைத்து எல்லாக் கட்சியும் அரசியல் செய்வதால் இங்கே அவரைப் பேசத்தான் வேண்டும். முல்லைப் பெரியாறு அணை 1887-ல் தொடங்கி 1895-ல் முடிந்தது. அந்தத் தண்ணீர்தான் கூடலூரிலிருந்து கீழே நெல்லும் கரும்பும் திராட்சையும் விளைவித்தது. 2013 ஜனவரி 15-ல் லோயர்கேம்ப்பில் அவருக்கு அரசு மணிமண்டபம் திறந்தது. பாலார்பட்டிக்காரர்கள் அவர் பிறந்த நாளில் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பேரை வைத்தவர்களும் உண்டு.

தன் சொத்தையும் மனைவியின் நகையையும் விற்று அவர் அணையைக் கட்டி முடித்தார் என்பது பள்ளத்தாக்கில் பாலகனுக்கும் தெரிந்த கதை. அந்தத் திட்டத்தின் வரலாற்றை 1899-ல் நூலாக எழுதியவர் எஞ்சினியர் மெக்கன்சி. அவருடைய புத்தகம் அதை அரசாங்கச் செலவில் நடந்த மராமத்து வேலையாகவே விவரிக்கிறது. 2021-ல் மதுரையில் கலைஞர் நூலகத்துக்கு இடம் பார்த்தபோது, அது பென்னிகுயிக் வாழ்ந்த வீடு என்று ஒரு சர்ச்சை கிளம்பியது. அவர் 1911-லேயே இறந்துபோனார், கட்டடம் அதற்குப் பிறகுதான் எழுந்தது என்று அரசு பதில் சொன்னது. ஒரு தேதியை வைத்து ஒரு சர்ச்சையை முடிக்க முடிந்தது என்றால் அது பதிவேட்டால் ஆன காரியம்.

நகை விற்ற கதையைப் பொய் என்று சொல்லி மக்களின் நன்றியைக் கேவலப்படுத்துவது என் நோக்கமில்லை. பஞ்சத்திலிருந்து மீண்டவர்கள் நன்றியைக் கதையாகத்தான் சொல்வார்கள். ஆனால் கதை எதை மறைக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தக் கர்னல் பட்டம் அபிசீனியப் படையெடுப்புக்கும் போய்வந்த ஏகாதிபத்தியப் படையின் பட்டம். காலராவிலும் காய்ச்சலிலும் அணைக்காட்டில் செத்துப்போன கூலிகளுக்குப் பட்டம் கிடையாது, பேரும் கிடையாது. அதிகாரியின் பணிப் பதிவேடு பிறந்த தேதி முதல் ஓய்வு வரைக்கும் ஒழுங்காக இருக்கிறது. அவருக்குக் கீழே வேலை செய்து மடிந்தவர்களின் பதிவேடு இல்லை. ஆவணம் என்பது நடுநிலையான கண்ணாடி என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

4

பதிவேடே இல்லாதவர்கள் என்று சொன்னது முழு உண்மையில்லை. ஆண்டவர்கள் இந்தப் பக்கத்து மக்களுக்கும் ஒரு பதிவேடு வைத்திருந்தார்கள். 1911-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் 1914-லிருந்து படிப்படியாகப் பிரமலைக் கள்ளர்கள் மீது பாய்ந்தது. எங்கள் வட்டாரத்தில் அதற்குப் பேர் ரேகைச் சட்டம். வயது வந்த ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும். ராத்திரியில் போலீஸ் கண்காணிப்பில் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். ஆண்டிபட்டிக் கணவாய்க்குக் கிழக்கே பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று மறுத்தவர்கள் மீது 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் இந்தச் சட்டம் ஒழிந்தது 1947-ல்தான்.

இதே காலனிய நிர்வாகம் இன்னொரு பட்டியலும் வைத்திருந்தது. அது ‘போர்க்குணச் சாதிகள்’ பட்டியல். 1880-களில் சென்னைப் படைக்கும் பிறகு இந்தியப் படை முழுவதற்கும் தலைமை வகித்த ராபர்ட்ஸ், தென்னிந்தியர்கள் சண்டைக்கு லாயக்கில்லை என்ற கருத்தைக் கொள்கையாகவே ஆக்கினார். மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டு, எஞ்சியிருந்த மதராஸ் ரெஜிமெண்ட்டும் 1928-ல் கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது மறுபடியும் எழுப்பினார்கள். மஹர்களைப் படையில் சேர்ப்பதும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நிறுத்தப்பட்டது. அம்பேத்கரின் தகப்பனார் சுபேதாராக இருந்தவர். அடுத்த தலைமுறை மஹர் பையனுக்கு அந்தக் கதவு சாத்தப்பட்டது.

யார் வீரன், யார் கள்ளன் என்பதை ஒரே அலுவலக மேஜையில் உட்கார்ந்து, ஒரே இனவியல் அறிவை வைத்துக்கொண்டு, இரண்டு பட்டியலாகப் பிரித்து எழுதினார்கள். ஆகவே ‘பட்டாளத்துக்குப் போனவனுக்கே ஆளும் தகுதி’ என்று இன்று யாராவது சொன்னால், அந்த மேஜை போட்ட பிரிவினைக்கு நாம் மறுபடியும் கையெழுத்துப் போடுகிறோம் என்று அர்த்தம். பெண்களையும், சேர்க்கப்படாத சாதிகளையும், துப்பாக்கி தூக்க மனம் ஒப்பாதவர்களையும் அது ஒரே மூச்சில் வெளியே தள்ளுகிறது. பதிவேட்டைத் திறக்கச் சொல்கிற நான் அதைத் தகுதிச் சீட்டாக்க மறுப்பதற்கு இதுதான் காரணம்.

5

தகுதிச் சீட்டு எவ்வளவு அபத்தமானது என்பதற்கு 2002-ல் ஓர் உதாரணம் கிடைத்தது. அந்த வருஷக் குடியரசுத் தலைவர் தேர்தலில் இடதுசாரிகளின் வேட்பாளர் கேப்டன் லட்சுமி சாகல். சென்னையில் பிறந்த டாக்டர். 1943-ல் சிங்கப்பூரில் நேதாஜியின் படையில் ஜான்சி ராணிப் பெண்கள் பிரிவுக்குத் தலைமை ஏற்றவர். 1945-ல் பர்மாவில் பிடிபட்டவர். அவரிடம் இந்திய இராணுவத்தின் பணிப் பதிவேட்டைக் கேட்டால் என்ன கிடைத்திருக்கும்? ஒன்றும் கிடைத்திருக்காது. சுதந்திர இந்தியா இந்திய தேசிய இராணுவத்தாரைத் தன் படையில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் தலைமை வகித்த பிரிவில் பெரும் பகுதியினர் மலேயா ரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்க் குடும்பத்துப் பெண்கள். இந்தியாவையே பார்த்திராமல் இந்தியாவுக்காகத் துப்பாக்கி எடுத்தவர்கள். அந்தப் படையைப் பற்றிப் பாதுகாப்பு அமைச்சகத்துக்காகப் பேராசிரியர் பிரதுல் சந்திர குப்தா எழுதிக் கொடுத்த வரலாறு பல பதிற்றாண்டுகள் அச்சேறாமல் கிடந்தது. தகவல் ஆணையம் 2007-ல் வெளியிடச் சொன்னபோது அமைச்சகம் நீதிமன்றத்துக்குப் போனது.

1972-ல் மத்திய அரசு தியாகிகள் பென்ஷன் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆறு மாதம் சிறையில் இருந்ததற்குச் சான்று வேண்டும். சிறைப் பதிவேடு கிடைக்காதவர் என்ன செய்வது? கூடச் சிறையில் இருந்த இரண்டு தியாகிகளிடம் சான்று வாங்கலாம். அந்த இருவரும் குறைந்தது ஒரு வருஷம் சிறையில் இருந்ததாக நிரூபணமாகியிருக்க வேண்டும். அதே விதியில் இன்னொரு வரியும் உண்டு. சான்று தருபவர் எம்.பி.யாகவோ எம்.எல்.ஏ.வாகவோ, முன்னாளோ இன்னாளோ, இருந்துவிட்டால் இரண்டு சான்றுக்குப் பதிலாக ஒன்றே போதும். அதாவது, ஒரு வருஷம் சிறையில் கிடந்த சாதாரணத் தியாகியின் வாக்கு அரை மாற்று; சட்டமன்றம் போய்வந்த தியாகியின் வாக்கு முழு மாற்று. நம் அரசு ஆவணங்களைப் படிப்பதற்கு இந்த ஒரு வரியே நல்ல பாலபாடம். மேலே இருப்பவரின் சொல்லே ஆவணம். கீழே இருப்பவரோ ஆவணத்தைக் கொண்டுவந்தால்தான் வாயே திறக்க முடியும்.

ஒரு சொல்லை ஆவணமாக்கினால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததுதான். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் போலித் தியாகிகள் பிரச்சினை விசாரணைக் கமிஷன் வரைக்கும் போனது. இந்தப் பக்கமோ, இந்திய தேசிய இராணுவத்தில் நிஜமாகவே இருந்த கிழவர்கள் பென்ஷனுக்காகப் பல வருஷம் கோர்ட் வாசலில் நின்றார்கள்.

6

இப்போது, பதிவேடு உண்மையிலேயே பொதுவில் பேசப்பட்ட இரண்டு இந்திய வழக்குகளைப் பார்க்கலாம்.

முதலாவது, தளபதி வி.கே. சிங். தரைப்படைத் தலைவராக இருந்தபோது அவருடைய பிறந்த தேதி இராணுவத்தின் ஒரு பிரிவுக் கோப்பில் 1951 மே 10 என்றும், இன்னொரு பிரிவுக் கோப்பில் 1950 மே 10 என்றும் இருந்தது. பதவியில் இருக்கும் தரைப்படைத் தலைவர் அரசுக்கு எதிராக உச்சநீதிமன்றம் போனார். 2012 பிப்ரவரியில் மனுவைத் திரும்பப் பெற்றார். மே மாதம் ஓய்வு பெற்றார். 2014-ல் காசியாபாத்திலிருந்து நாடாளுமன்றம் போய் மந்திரியானார். அந்த ஒரு வருஷ வித்தியாசத்தைப் பற்றி நாட்டின் எல்லாப் பத்திரிகைகளும் மாதக்கணக்கில் எழுதின. அதே பணி வாழ்க்கையில் இன்னொரு பக்கமும் உண்டு. 1987-க்கும் 1990-க்கும் இடையில் இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படையில் பணியாற்றியவர் அவர்; அதற்காக யுத்த சேவைப் பதக்கமும் பெற்றவர். அவர் மீது நான் எந்தக் குற்றமும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு ஆதாரமும் கிடையாது. என் கேள்வி நம்மை நோக்கியது. அமைதிப்படைக் காலத்தை யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்த நாம்கூட, அந்த அதிகாரி எந்தத் தேதியில் பிறந்தார் என்ற விவாதத்தைத்தானே படித்துக்கொண்டிருந்தோம்? அந்தப் படையில் பொறுப்பிலிருந்து பின்னால் அரசியலுக்கு வரும் எவரிடமும் அந்த நாட்களைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று ஏன் நமக்குத் தோன்றவில்லை?

இரண்டாவது, ராஜேஷ் பைலட். 1966 மார்ச் 5-ல் இந்திய விமானப்படை மிசோரத்தின் ஐசால் நகரம் மீது குண்டு வீசியது. சொந்த நாட்டு மக்கள் மீது விமானத்திலிருந்து குண்டு. பொருள்களையும் ஆட்களையும் இறக்கத்தான் விமானங்கள் போயின என்று அப்போது சொல்லப்பட்டது. 2023 ஆகஸ்டில் இந்தச் சம்பவம் நாடாளுமன்றத்தில் அரசியல் ஆயுதமாக எழுந்தது. அன்று குண்டு வீசிய விமானிகளில் பின்னாளில் காங்கிரஸ் தலைவரான ராஜேஷ் பைலட்டும் ஒருவர் என்று பா.ஜ.க. தரப்பில் குற்றச்சாட்டு வந்தது. அவர் மகன் சச்சின் பைலட் தகப்பனாரின் நியமனச் சான்றை எல்லோரும் பார்க்க வெளியிட்டார். விமானப்படையில் அவர் அதிகாரியாகச் சேர்ந்த தேதி 1966 அக்டோபர் 29. குண்டு விழுந்து ஏழு மாதம் கழித்து. வழக்கு முடிந்தது.

முடிந்ததா? ஒரு தாள் ஒரு மனிதரை விடுவித்தது, நல்லது. ஆனால் அந்தத் தாள் வெளியான உடனே எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். உத்தரவு போட்டது யார், எத்தனை பேர் செத்தார்கள், எரிந்த வீடுகளுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விகள் ஐசாலிலேயே விடப்பட்டன. தனி மனிதரின் பதிவேடு திறக்கிறது, நிறுவனத்தின் பதிவேடு மூடியே இருக்கிறது. முதலாவது இரண்டாவதற்குத் திரையாகவும் பயன்படுகிறது. ‘அவன் போனானா இல்லையா’ என்பதோடு நம் ஆர்வம் தீர்ந்துவிடுகிறது. போன இடத்தில் நடந்ததை யாரும் தொடுவதில்லை.

7

அமெரிக்கர்கள் இந்த விளையாட்டை நமக்கு முன்பே ஆடி முடித்தவர்கள். 2004 தேர்தலில் ஜான் கெர்ரி வியட்நாமில் பெற்ற பதக்கங்கள் நிஜமா, ஜார்ஜ் புஷ் டெக்சாஸ் விமானக் காவல்படையில் ஒழுங்காக வேலைக்குப் போனாரா என்று இரண்டு பக்கமும் காகிதம் காகிதமாக அலசினார்கள். ஒரு தொலைக்காட்சி, உண்மைத்தன்மையை நிரூபிக்க முடியாத தாள்களைக் காட்டி அவமானப்பட்டது. இத்தனை அலசலில் வியட்நாமியர் சாட்சியாகத் தென்பட்டது அபூர்வம். எந்தப் படகில் யார் இருந்தார், யாருக்கு எத்தனை காயம் என்று கணக்குப் பார்த்தார்கள். படகு போன ஆற்றங்கரையில் இருந்தவர்களைப் பற்றிய கணக்கு கோப்பிலேயே இல்லை.

ஆஸ்திரியாவில் கேள்வி சரியாகக் கேட்கப்பட்டது. ஐ.நா. சபையின் பொதுச் செயலாளராகப் பத்து வருஷம் இருந்த குர்ட் வால்ட்ஹைம் 1986-ல் ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். 1941-ல் ரஷ்யப் போர்முனையில் காயம்பட்டுத் திரும்பிச் சட்டம் படித்தேன் என்பது அவர் சொல்லிவந்த வாழ்க்கை வரலாறு. அதற்குப் பிறகு பால்கன் பகுதியில் ஜெர்மன் படையில் அதிகாரியாக இருந்த வருஷங்கள் அதில் விடுபட்டிருந்தன. அவர் இருந்த தலைமையகத்தின் கீழ் கிராமங்கள் எரிக்கப்பட்டன. சலோனிகாவின் யூதர்கள் நாடு கடத்தப்பட்டார்கள். 1988-ல் வரலாற்றாசிரியர்களின் குழு, அவர் நேரடியாகக் குற்றம் செய்ததற்குச் சான்றில்லை, ஆனால் நடந்தது அவருக்குத் தெரியும் என்ற முடிவுக்கு வந்தது. அந்தக் குழுவுக்கு முன்பே, 1986-ல், விடுபட்ட வருஷங்கள் வெளியே வந்த பிறகும் ஆஸ்திரியர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது வேறு விஷயம். அங்கே பதிவேட்டில் தேடப்பட்டது வீரம் அல்ல, மற்றவர்களுக்கு நேர்ந்தது.

நமக்குப் பக்கத்திலேயே கோத்தபாய ராஜபக்ஷ. 2019-ல் அவர் ஜனாதிபதித் தேர்தலில் நின்றபோது கொழும்பு நீதிமன்றத்தில் பெரிதாகப் பேசப்பட்டது அவருடைய குடியுரிமைத் தாள். அமெரிக்கக் குடியுரிமையை விட்டாரா, இலங்கைக் குடியுரிமை முறைப்படி வந்ததா என்பது வழக்கு. 1989-ல், ஜே.வி.பி. எழுச்சி நசுக்கப்பட்ட காலத்தில், அவர் மாத்தளை மாவட்டத்தின் இராணுவ ஒருங்கிணைப்பு அதிகாரி. நூற்றுக்கணக்கான சிங்கள இளைஞர்கள் அங்கே காணாமல்போனார்கள். 2012 கடைசியில் மாத்தளை மருத்துவமனை வளாகத்தில் 150-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் தோண்டியெடுக்கப்பட்டன. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்துப் போலீஸ் நிலையங்களின் பழைய பதிவேடுகளை அழிக்க உத்தரவானது என்று மனித உரிமை அமைப்புகள் குற்றம் சாட்டின. முள்ளிவாய்க்காலைப் பற்றி அறிந்த நமக்கு மாத்தளை அவ்வளவாகத் தெரியாது. அந்த 1989-ஆம் வருஷக் கோப்பை அன்றே சிங்களரும் தமிழரும் சேர்ந்து கேட்டிருந்தால் 2005-ல் யார் பாதுகாப்புச் செயலாளராக வர முடியும் என்பது ஒருவேளை வேறு மாதிரி இருந்திருக்கும். வி.கே. சிங் விஷயத்தில் பிறந்த தேதி, இங்கே குடியுரிமைத் தாள். தாளைப் பற்றிய சண்டை போரைப் பற்றிய கேள்வியை மூடிக்கொண்டது.

8

சட்டம் என்ன சொல்கிறது? வேட்பாளரைப் பற்றி அறியும் உரிமை வாக்காளரின் பேச்சுரிமையில் அடக்கம் என்று உச்சநீதிமன்றம் 2002 மே மாதமும் 2003 மார்ச் மாதமும் சொன்னது. 26-ஆம் படிவம் இன்றிருக்கும் வடிவுக்கு அதுதான் அடிப்படை. அதே உச்சநீதிமன்றம் 2012 அக்டோபரில் கிரிஷ் தேஷ்பாண்டே வழக்கில் வேறு திசையில் போனது. அரசு ஊழியர் ஒருவரின் பணிப் பதிவுகளும் அவர் மீதான நடவடிக்கைகளும் தனிப்பட்ட தகவல், பெரிய பொதுநலன் இருந்தாலொழிய தர வேண்டியதில்லை என்றது. 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவிலிருந்து பொதுநலன் என்ற அந்தச் சொல்லையே எடுத்துவிட்டது. சட்டத்தின் வேறொரு மூலையில் பொதுநலன் இன்னும் இருக்கிறது என்று சமாதானம் சொல்கிறார்கள். கிராமத்தில் மனுப் போடுகிறவனுக்கு அந்த மூலை வரைக்கும் போக வக்கீல் வேண்டும்.

வேட்புமனு வெறும் சடங்கு என்பவர்களுக்குத் தேனித் தொகுதியே ஒரு பதில் வைத்திருக்கிறது. 2019 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டில் அ.தி.மு.க. அணி ஜெயித்தது இந்த ஒரே தொகுதியில்தான். தொகுதி வாக்காளர் ஒருவர், ஜெயித்த ஓ.ப. ரவீந்திரநாத் சொத்து விவரங்களை மறைத்தார் என்று வழக்குப் போட்டார். 2023 ஜூலை 6-ல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த வெற்றி செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. அடுத்த மாதம் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. 2024-ல் பதவிக்காலமே முடிந்துவிட்டது. இதில் தாமதத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்ளலாம். நான் பார்ப்பது இன்னொன்று: படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது, அதனால் ஒரு வாக்காளர் கேள்வி கேட்க முடிந்தது. கட்டம் இல்லாத விஷயத்தில் கேள்விக்கு இடமே இல்லை.

ஆகவே என் கோரிக்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படையிலோ துணைப்படையிலோ போலீசிலோ இருந்து அரசியலுக்கு வருகிறவர், எந்தெந்தக் காலத்தில், எந்தப் பகுதியில், என்ன பொறுப்பில் இருந்தார் என்பதையும், எப்படி வெளியேறினார் என்பதையும், அவர் மீதோ அவருக்குக் கீழிருந்த பிரிவின் மீதோ நடந்த விசாரணைகளின் முடிவையும் பிரமாணத்தோடு சொல்ல வேண்டும். பொய் சொன்னால், சொத்தை மறைத்தவருக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை. காயம், வியாதி, மனநிலைச் சிகிச்சை, குடும்ப விவரம் இவற்றைக் கேட்கக் கூடாது; சிப்பாயின் உடம்பு மேடைக்கு உரியதல்ல. படையில் இருந்ததே இல்லை என்பவரிடம் ஏன் இல்லை என்றும் கேட்கக் கூடாது. சாதாரணச் சிப்பாயாக இருந்து பஞ்சாயத்துக்கு நிற்கும் ஒருவரையும், ஒரு மாவட்டத்தையே தன் உத்தரவில் வைத்திருந்த அதிகாரியையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. அதிகாரம் கூடக் கூடக் கேள்வியும் கூட வேண்டும். ஆயுதக் குழுக்களிலிருந்து நாடாளுமன்ற அரசியலுக்கு வந்தவர்களுக்கும், நம் ஆட்கள் என்று விலக்குத் தராமல், இதே விதி பொருந்த வேண்டும். கடைசியாகச் சொன்னது நண்பர்கள் சிலருக்குக் கசக்கும் என்று தெரியும். அரசின் துப்பாக்கியைக் கேட்கிற கேள்வியை இயக்கத்தின் துப்பாக்கியிடம் கேட்க மாட்டோம் என்றால், நம் கேள்வியே கட்சிக் கேள்வியாகிவிடும்.

அரசு தரும் பதிவேடு மட்டும் போதும் என்றும் நான் நம்பவில்லை. எந்தப் பதிவேடும் தன்னை எழுதியவர் பக்கத்திலிருந்துதான் பேசும். 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் அமைதிப்படையால் கொல்லப்பட்டதை உலகம் அறிந்தது எந்தப் படைப்பிரிவின் கோப்பிலிருந்தும் அல்ல, உயிர்தப்பியவர்களின் வாயிலிருந்து. அப்படிப்பட்ட சாட்சியங்களைத் திரட்டி ‘முறிந்த பனை’யை எழுதிய பல்கலைக்கழக ஆசிரியர்களில் ஒருவரான ராஜினி திராணகம, இந்திய இராணுவத்தையும் இயக்கங்களையும் ஒருசேரக் கேள்வி கேட்டவர். 1989 செப்டம்பர் 21-ல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

எழுத்தாளர்களுக்கும் செயல்பாட்டாளர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஒருவர் எங்கே பணியில் இருந்தார் என்பதைப் பதிவேடு சொல்லும். அங்கே என்ன நடந்தது என்பதை ஐசாலிலும் மாத்தளையிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்தவர்கள்தாம் சொல்ல முடியும். அவர்கள் சொல்வதை மொழிபெயர்த்து, அச்சிட்டு, வேட்புமனுவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து வாசிக்கப் பழகிவிட்டால், ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் “எத்தனை பதக்கம் வாங்கினீங்க?” என்று கேட்க மாட்டோம். “அந்த வருஷம் அந்த ஊர்ல நீங்க எங்கண்ணே இருந்தீங்க?” என்று கேட்போம்.